கொலம்போ மறுபார்வை: எந்த வரிசை, எந்தப் பிரதி, எங்கே கண் வைப்பது?

#1 பழுப்புக்கோட்டு

கொலம்போ என்ற போலீஸ் துப்பறிவாளரை வைத்து வந்த பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை முதலிலிருந்து மறுபடி பார்க்கப் போகிறோம், எங்கே தொடங்குவது என்று இன்னொரு இழையில் நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். அங்கே பேச்சு எங்கெங்கோ போய்விட்டதால் இதைத் தனியாகத் திறக்கிறேன். தேடினால் கொழும்பு நகரம்தான் வருகிறது என்கிறவர்களுக்கு: ஆங்கிலத்தில் ஊருக்கு நான்காவது எழுத்து 'ஓ', இவருக்கு 'யூ'. அவ்வளவுதான் வித்தியாசம்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 69 கதைகள். இதில் முன்னோட்டமாக வந்தவை இரண்டு: 1968இல் 'பிரிஸ்கிரிப்ஷன்: மர்டர்', 1971 மார்ச்சில் 'ரான்சம் ஃபார் எ டெட் மேன்'. அதே 1971 செப்டம்பரில் தொடங்கி 1978 மே வரை என்.பி.சி.யில் ஏழு சீசன், 43 கதைகள். பிறகு பத்து வருட இடைவெளி. 1989 முதல் 2003 வரை ஏ.பி.சி.யில் 24. வாரா வாரம் வந்த தொடர் இல்லை இது. 'மிஸ்டரி மூவி' என்ற ஒரே ஒளிபரப்பு நேரத்தில் மெக்ளவுட், மெக்மில்லன் அண்ட் வைஃப் ஆகிய தொடர்களோடு முறை வைத்துக்கொண்டு வந்தது. அதனால்தான் ஒரு சீசனில் எட்டு, இன்னொன்றில் மூன்று என்று எண்ணிக்கை தாறுமாறாக இருக்கும். உங்கள் பிரதியில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று பதற வேண்டாம். சீசன் வாரியாக 7, 8, 8, 6, 6, 3, 5. சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

என் யோசனை: 1968 படத்தில் தொடங்காதீர்கள். ஜீன் பேரி நடித்த மனநல மருத்துவர் கதை நல்ல கதைதான். ஆனால் அதிலுள்ள கொலம்போ தலை வாரி, நிமிர்ந்து நின்று, ஒரு காட்சியில் சாட்சியிடம் கத்தவே செய்கிறார். நாம் நினைவில் வைத்திருக்கும் ஆள் அவர் இல்லை. முதல் சீசனின் முதல் கதையான 'மர்டர் பை தி புக்'கில் தொடங்கி ஐந்தாறு பார்த்துவிட்டு அதற்குப் போனால் கொலம்போவாக நடித்த பீட்டர் ஃபாக் எதையெல்லாம் கழற்றிப் போட்டார் என்பது தெரியும்.

ஒரு விதி. கொலைகாரன் யாரென்று தொடரே முதல் கால் மணி நேரத்தில் காட்டிவிடுவதால் அதைச் சொல்வது குற்றமில்லை. கடைசிப் பொறியைச் சொல்கிறவர்கள் மட்டும் மேலே 'முடிவு உண்டு' என்று போட்டுவிடுங்கள்.

#2 ஈயக்கரண்டி

வரிசையெல்லாம் அப்புறம் பார்க்கலாம் சார். முதல்ல படம் சரியா ஓடுதான்னு பாருங்க. பாதிப் பேர் இதை மூஞ்சி வீங்கின கொலம்போவாத்தான் பார்த்துட்டு இருக்காங்க.

எழுபதுகள்ல எடுத்தது எல்லாம் 35 மி.மீ. ஃபிலிம், பழைய டிவி அளவான 4:3க்குன்னு கட்டம் கட்டி எடுத்தது. இப்ப இருக்கிற டிவி 16:9. ரெண்டு விதமா கெடுக்கும். ஒண்ணு, பக்கவாட்டில் இழுத்துவிடும். அப்ப எல்லாரும் மூணுல ஒரு பங்கு கூடுதல் அகலமாயிடுவாங்க. ரிமோட்டில் பிக்சர் சைஸ்ல போய் 4:3 வைங்க. ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும், அதுதான் சரி.

இன்னொண்ணு இதைவிட மோசம்: மேலயும் கீழயும் வெட்டித் திரையை நிரப்புறது. உயரத்துல கால்வாசி போயிடும். இந்தத் தொடர்ல தடயம் பெரும்பாலும் எங்க இருக்கும்? மேசை மேல, கையில, கோட்டுப் பொத்தான் துளையில. 'எட்யூட் இன் பிளாக்'ல ஜான் கசவெட்டிஸ் கோட்டில் குத்தியிருந்த பூ எப்ப இருக்கு, எப்ப இல்லைங்கிறதுதான் வழக்கே. அதுல கீழ்ப்பகுதியை வெட்டிட்டுப் பார்த்து என்ன பிரயோஜனம்?

கணினியில வி.எல்.சி. பிளேயர்னா 'ஏ' விசையைத் தட்டத் தட்ட விகிதம் மாறும், 'சி' தட்டினா வெட்டு மாறும். 4:3 வந்ததும் நிறுத்துங்க. ஆனா கோப்பையே ஒருத்தர் வெட்டி வச்சிருந்தா எந்த விசையும் மீட்காது. கண்டுபிடிக்க ஒரு வழி: ஆரம்ப எழுத்துகள் வர்ற காட்சியில தலைமுடி மேல்விளிம்புல ஒட்டியிருக்கா பாருங்க. எல்லா ஆளுக்கும் உச்சந்தலை அறுந்திருந்தா அது வெட்டின பிரதி.

#3 ஈயக்கரண்டி

விட்டுப்போச்சு. வட்டு வாங்குறவங்களுக்கு: 2023ல கினோ லார்பர் எழுபதுகளோட கதைகளை ப்ளூரேயா போட்டாங்க. அது அமெரிக்க வட்டு, ஏ மண்டலம். இந்தியா ப்ளூரேக்கு சி மண்டலம், டிவிடிக்கு 5. சாதாரண பிளேயர்ல போட்டா "இந்த மண்டலத்துக்கானது அல்ல"ன்னு வந்து நிக்கும். வட்டு பழுதுன்னு திருப்பி அனுப்பாதீங்க. மண்டலப் பூட்டு இல்லாத பிளேயர் இருக்கணும். ஐரோப்பிய டிவிடியில வேற தொல்லை: நொடிக்கு 24 கட்டம்னு எடுத்ததை 25ஆ ஓட்டுவாங்க. 98 நிமிஷப் படம் 94ல முடியும். 75 நிமிஷம் 72 ஆகும். குரலும் அரைச் சுரத்துக்குச் சற்றுக் குறைவா ஏறும். ஃபாக் குரலோட கரகரப்பே போயிடும்.

#4 மலைச்சாரல்

அண்ணா, எனக்கு வசனத்துணுக்கு (சப்டைட்டில்) ஆரம்பத்துல சரியா வருது. போகப் போக ஆள் பேசுறதுக்கு முன்னாடியே எழுத்து வந்துடுது. 'எச்' விசையை அமுக்கித் தள்ளி வெச்சா பத்து நிமிஷத்துல மறுபடி முந்துது. என்ன பண்றது?

#5 ஈயக்கரண்டி

தம்பி, நான் இப்பச் சொன்ன 25 கட்டப் பிரச்சினைதான் அது. உங்க படம் 23.976, துணுக்கு ஐரோப்பிய வட்டிலிருந்து எடுத்தது. பத்து நிமிஷத்துக்கு ஏறக்குறைய 25 விநாடி முந்தும், ஒரு மணி நேரத்துல ரெண்டரை நிமிஷம் கிட்ட. 'ஜி', 'எச்' விசைகள் மொத்தமா முன்ன பின்ன நகர்த்தும், இழுவையைச் சரிசெய்யாது. சப்டைட்டில் எடிட்னு இலவச மென்பொருள் இருக்கு. கோப்பைத் திறந்து, ஒத்திசைவு பட்டியல்ல ஃபிரேம் ரேட் மாற்றுன்னு இருக்கும், 25லிருந்து 23.976ன்னு கொடுத்துச் சேமிங்க. அதுக்கப்புறமும் ஒரு விநாடி ரெண்டு விநாடி நிலையா தள்ளியிருந்தா மட்டும் 'ஜி', 'எச்'.

#6 கடைசிவரிசை

பழுப்புக்கோட்டு சொன்ன வரிசையில் எனக்கு உடன்பாடில்லை. 1968 படத்தை முதலில் பார்ப்பதுதான் நியாயம். அது மேடை நாடகமாக எழுதப்பட்டது. லெவின்சனும் லிங்க்கும் உருவாக்கிய இந்தப் பாத்திரம் 1960இலேயே ஒரு தொலைக்காட்சி நாடகத்தில் பெர்ட் ஃப்ரீட் என்ற நடிகர் மூலம் வந்துவிட்டது. மேடையில் தாமஸ் மிட்செல். ஃபாக் மூன்றாவது ஆள். கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்து "இன்னும் ஒரே ஒரு விஷயம்" என்று கேட்கும் அந்தப் பழக்கமும் நாடகம் எழுதும்போது வந்ததுதான். காட்சி நீளம் போதவில்லை, முழுப் பக்கத்தையும் மறுபடி தட்டச்சு செய்யச் சோம்பல், வெளியே போனவரையே திரும்ப அழைத்துவிட்டார்கள். தொடரின் உயிர்நாடி ஒரு தட்டச்சுச் சோம்பலில் பிறந்தது. இதைத் தெரிந்துகொண்டு முதல் படத்தைப் பார்த்தால் அந்தத் திரும்பல் எவ்வளவு முரடாக இருக்கிறது, பின்னால் எப்படி இழைக்கப்பட்டது என்பது விளங்கும்.

#7 பழுப்புக்கோட்டு

முதல் முறை பார்க்கிறவருக்கு நீங்கள் சொல்வது சரி. மறுமுறை பார்க்கிறவருக்கு நான் சொல்வது சரி. அங்கேயே விட்டுவிடலாம்.



மறுமுறை பார்ப்பதற்கு ஒரு வழிமுறை சொல்கிறேன். ஒரு துண்டுத் தாளில் மூன்று நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கொலை முடிகிற நிமிடம். கொலம்போ முதலில் திரையில் வருகிற நிமிடம். அவர் ஆளை முடிவு செய்துவிட்ட நிமிடம். முதல் இரண்டும் சுலபம். மூன்றாவதுதான் விளையாட்டு. வசனத்தில் அது வராது. ஃபாக் சுருட்டைக் கையில் அப்படியே வைத்துக்கொண்டு ஒரு பொருளைப் பார்ப்பார், பிறகு சம்பந்தமில்லாமல் மனைவியைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். பெரும்பாலும் அந்த இடம்தான்.

'மர்டர் பை தி புக்'கில் பாருங்கள். ஜாக் கேசிடி நடித்த எழுத்தாளர் தன்னோடு சேர்ந்து எழுதும் கூட்டாளியின் பிணம் தன் வீட்டுப் புல்வெளியில் கிடப்பதைப் 'பார்த்து' போலீசைக் கூப்பிடுகிறார். அவர்கள் வருவதற்குள் தனக்கு வந்த தபால்களைப் பிரித்திருக்கிறார். பிணத்தைப் பார்த்த ஆள் மின் கட்டணச் சீட்டைப் பிரிப்பானா? தகவல் கிடைத்ததும் விமானத்தில் பறந்து வராமல் காரை ஓட்டிக்கொண்டு வந்ததும் அப்படித்தான். இரண்டும் நீதிமன்றத்தில் செல்லாது. ஆனால் கொலம்போவுக்கு அன்றே வழக்கு முடிந்துவிட்டது. மீதி ஒரு மணி நேரம் அவர் தேடுவது ஆளை இல்லை, ஆதாரத்தை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் ஐம்பது வருடப் பழைய தொடர் புதிதாகத் தெரியும்.

அந்தப் படத்தின் தொடக்கத்தில் இசையே இல்லை, தட்டச்சுப் பொறியின் ஓசை மட்டும். இயக்கியவர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், எழுதியவர் ஸ்டீவன் போச்கோ.

#8 சுருள்நாடா

முடிவு உண்டு: 'சூட்டபிள் ஃபார் ஃபிரேமிங்', 1971.

கையைப் பார்க்கச் சொன்னீர்களே, அதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. ராஸ் மார்ட்டின் நடித்த ஓவிய விமர்சகர் மாமாவைக் கொன்றுவிட்டு, உடல் சூடு குறையாமலிருக்க மின்கம்பளத்தால் மூடி வைக்கிறார். இறந்த நேரம் தள்ளிப்போகிறது. திருடிய, பிரெஞ்சு ஓவியர் தெகாவின் ஓவியங்களை அத்தை வீட்டில் வைத்துப் பழியை அவர் மேல் போடுவது திட்டம்.

நடுவில் ஒரு காட்சி. விமர்சகர் ஓவிய உறையைக் கையில் எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் நுழைகிறார். உள்ளே கொலம்போ காத்திருக்கிறார். பேச்சோடு பேச்சாகக் கையை உறைக்குள் விட்டுப் பார்க்கிறார், மற்றவர் வெடுக்கென்று பிடுங்கிக்கொள்கிறார். சில விநாடிகள்தான். முதல் முறை பார்க்கிறவர்கள் அதை 'மாட்டிக்கொள்வாரா' என்ற பதற்றக் காட்சி என்று எடுத்துக்கொண்டு மறந்துவிடுவார்கள். கடைசியில் அத்தை வீட்டில் கிடைத்த ஓவியங்களில் கைரேகை இருக்கிறது என்கிறார் கொலம்போ. யாருடையது? என்னுடையது. இப்போதுதான் தொட்டீர்கள் என்று விமர்சகர் பாய்கிறார். கொலம்போ கோட்டுப் பைகளிலிருந்து கைகளை வெளியே எடுக்கிறார். இரண்டிலும் கையுறை. அடுத்த விநாடி படம் முடிந்துவிடுகிறது, விளக்கமும் இல்லை, கைவிலங்கும் இல்லை.

மறுமுறை பார்க்கும்போது கவனியுங்கள்: அந்தக் கடைசிக் காட்சி முழுக்க அவர் கை பைக்குள்ளேயே இருக்கும். நாம் அதை அவருடைய வழக்கமான நிற்கும் தோரணை என்று நினைத்து ஏமாறுகிறோம். அதற்கு முன் வந்த கதைகள் அந்தத் தோரணையை நமக்குப் பழக்கி வைத்திருக்கின்றன.

#9 வக்கீல்வண்டு

கையுறைக் கதை மட்டும்தான் எனக்கு முழுத் திருப்தி. ஏனென்றால் அது பருப்பொருள் சாட்சி. ஆனால் அதிலும் ஒரு ஓட்டை: அந்தக் கைரேகை உறைக்குள் கை விட்டபோது பதிந்தது என்பதற்குக் கொலம்போவின் வாய்மொழியைத் தவிர வேறு சாட்சி இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் அங்கேதான் பிடிப்பார்.

மற்றவற்றில் பாதி வெறும் மிரட்டல். 'டெத் லெண்ட்ஸ் எ ஹேண்ட்'டில் காணாமல் போகாத காண்டாக்ட் லென்ஸைக் காணவில்லை என்று சொல்லி ராபர்ட் கல்ப்பைத் தன் காரிலேயே தேட வைக்கிறார். 'எனி ஓல்ட் போர்ட் இன் எ ஸ்டார்ம்' எல்லாருக்கும் பிடித்த கதை, எனக்கும்தான். டொனால்ட் பிளசன்ஸின் நிலவறையில் குளிரூட்டியை நிறுத்தியதால் வெயிலில் ஒயின் கெட்டுவிட்டது என்பதை அவருடைய நாக்கைக் கொண்டே நிரூபிக்கிறார்கள். இதை வைத்துக் கொலை வழக்கு நிற்குமா? அவராக ஒப்புக்கொண்டதால் கதை முடிந்தது.

#10 கடைசிவரிசை

அப்படியானால் போலீஸ் பொய் சொல்லி வாங்கிய வாக்குமூலம் செல்லாது என்கிறீர்களா?

#11 வக்கீல்வண்டு

இல்லை, அங்கே செல்லும். 1969இல் ஃப்ரேஜியர் எதிர் கப் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விசாரிக்கும் போலீஸ் பொய் சொன்னார் என்ற ஒன்றாலேயே வாக்குமூலம் தள்ளுபடி ஆகாது என்று சொல்லிவிட்டது. 1966 மிராண்டா தீர்ப்பின் எச்சரிக்கை (பேசாமலிருக்க உங்களுக்கு உரிமை உண்டு என்பது) காவலில் வைத்து விசாரிக்கும்போதுதான் வேண்டும். கொலம்போ பெரும்பாலும் யாரையும் காவலில் வைத்து விசாரிப்பதில்லை. அவர்கள் வீட்டுக்கே போய், காபி கேட்டு, "நீங்கள் சொன்னால் போய்விடுகிறேன் சார்" என்பார். சட்டப்படி மிகச் சாமர்த்தியமான இடத்தில் நிற்கிற ஆள். போலீசிடம் தந்த வாக்குமூலம் சாட்சியமாகாது என்ற நம்மூர்ச் சட்டத்தை வைத்து இதை அளந்தால் ஒரு கதையும் தேறாது.

என் புகார் வேறு. ஒப்புதலுக்குப் பிறகு வழக்கறிஞர் வந்து உட்கார்ந்தால் கையில் என்ன மிஞ்சும் என்பதுதான். அந்த அளவுகோலில் 'நெகட்டிவ் ரியாக்‌ஷன்' தேறும்.

#12 சுருள்நாடா

முடிவு உண்டு: 'நெகட்டிவ் ரியாக்‌ஷன்', 1974.

ஆமாம். அதில் டிக் வான் டைக் புகைப்படக்காரர். மனைவியைக் கட்டிப்போட்டுப் படமெடுக்கிறார், பின்னால் கடிகாரம் 2 மணி காட்டுகிறது. கொலம்போ அதைப் பெரிதாக்கி, எதிர்மறையை (நெகட்டிவை) திருப்பிப் போட்டு அச்சிட்டுக் கொண்டுவருகிறார். கண்ணாடிப் பிம்பத்தில் 2 மணி 10 மணியாகிவிடும் (கைக்கடிகாரத்தைக் கண்ணாடி முன் பிடித்துப் பாருங்கள்). 10 மணிக்குப் புகைப்படக்காரர் வேறிடத்தில் இருந்ததற்குச் சாட்சி கிடையாது. மூலப் படம் கெட்டுவிட்டது என்று வேறு கொலம்போ கைவிரிக்கிறார். உடனே புகைப்படக்காரர், எதிர்மறை கேமராவிலேயே இருக்குமே என்று எழுந்து போய், அலமாரியில் வரிசையாக இருக்கிற கேமராக்களிலிருந்து சரியான ஒன்றை எடுத்துவிடுகிறார். எது என்று கொலைகாரனுக்கு மட்டும்தான் தெரியும். கொலம்போ சுற்றியிருக்கும் போலீசாரிடம் பார்த்தீர்களா என்று ஒவ்வொருவராகக் கேட்பது வக்கீல்வண்டு சொன்ன ஓட்டையை அடைக்கத்தான். இங்கே சாட்சி கொலம்போ மட்டுமில்லை.

இளையவர்கள் பார்க்கும்போது பழைய சாமான்களை விளக்க வேண்டியிருக்கும். எதிர்மறை என்றால் என்ன என்பதிலேயே தடுமாறுவார்கள். 'நவ் யூ சீ ஹிம்'இல் வருவது தட்டச்சுப் பொறியில் ஒரே தடவை ஓடும் கார்பன் நாடா. துணி நாடா முன்னும் பின்னுமாக ஓடி எழுத்து மேல் எழுத்து விழும், ஒன்றும் படிக்க முடியாது. கார்பன் நாடாவில் அடித்த எழுத்து அந்த இடத்தில் பெயர்ந்து போய் ஓட்டையாக நிற்கும், சுருளைப் பிரித்தால் கடிதம் முழுவதையும் வாசிக்கலாம். இது தெரியாவிட்டால் அந்த முடிவு மந்திரம் மாதிரித் தோன்றும். 1976இல் வந்த 'ஃபேட் இன் டு மர்டர்'இல் வீட்டு வீடியோ ரெக்கார்டரே ஓர் அதிசயப் பொருள். அதை வைத்தே வில்லியம் ஷாட்னர் தான் வேறிடத்தில் இருந்ததாகக் கணக்குக் காட்டுகிறார்.

#13 மலைச்சாரல்

துணுக்கு சரியாயிடுச்சு அண்ணா, நன்றி. இன்னொரு சந்தேகம். 'டபுள் எக்ஸ்போஷர்'ல படத்துக்கு நடுவுல கண்ணுக்குத் தெரியாம படம் செருகுறாங்களே, அதை நிறுத்திப் பார்க்கலாம்னா ரெண்டு படம் கலந்த மாதிரி தெரியுது. பிரதி கோளாறா?

#14 ஈயக்கரண்டி

பிரதி இல்லை, டிஇன்டர்லேஸ் கோளாறு, அதாவது பாதிப்பாதியா வர்ற கட்டங்களை ஒண்ணாச் சேர்க்கிற வேலையில கோளாறு. அமெரிக்க டிவிடியில 24 கட்டத்தை நொடிக்கு 30க்குப் பரப்பியிருப்பாங்க, அதனால சில கட்டம் ரெண்டு படத்தோட பாதிப்பாதியா இருக்கும். நீங்க 'பிளெண்ட்' வகையில வச்சிருப்பீங்க, அது ரெண்டையும் குழைச்சுடும். வி.எல்.சி.யில வீடியோ பட்டியல்ல டிஇன்டர்லேஸ் வகையை 'ஃபிலிம் என்.டி.எஸ்.சி.'ன்னு மாத்துங்க. அப்புறம் நிறுத்திட்டு 'ஈ' விசையைத் தட்டினா கட்டம் கட்டமா நகரும். பின்னோக்கிப் போகாது, தாண்டிட்டா பத்து விநாடி பின்னால போய்த் திரும்பத் தட்டுங்க. ப்ளூரேன்னா இந்தத் தொல்லையே வராது.

#15 கடைசிவரிசை

தவிர்க்க வேண்டியவற்றையும் யாராவது சொல்லுங்கள். நானே ஆரம்பிக்கிறேன். 'லாஸ்ட் சல்யூட் டு தி கமடோர்' (1976): பாட்ரிக் மெக்கூஹன் இயக்கியது, கொலைகாரனைக் கடைசி வரை மறைக்கிறார்கள், எல்லாரும் விநோதமாக நடந்துகொள்கிறார்கள். 1992இல் வந்த 'நோ டைம் டு டை'யில் கொலையே இல்லை, ஆள்கடத்தல். அதுவும் 'அண்டர்கவர்' என்ற 1994 படமும் எட் மெக்பெய்ன் நாவல்களை எடுத்து இந்தச் சட்டையைப் போட்டுவிட்டவை. பொருந்தவில்லை.

#16 பழுப்புக்கோட்டு

கமடோரைத் தவிர்க்க வேண்டாம், கடைசிக்குத் தள்ளுங்கள். மெக்கூஹன் நான்கு கதைகளில் கொலைகாரனாக வந்தவர்: 'பை டான்ஸ் எர்லி லைட்' (1974), 'ஐடென்டிடி கிரைசிஸ்' (1975), 'அஜெண்டா ஃபார் மர்டர்' (1990), 'ஆஷஸ் டு ஆஷஸ்' (1998). இந்த நான்கையும் வரிசையாகப் பார்த்தால் என்.பி.சி. காலத்துக்கும் ஏ.பி.சி. காலத்துக்கும் உள்ள வித்தியாசம் தானாகத் தெரியும். பின்னதில் கொலம்போவின் அசட்டுத்தனம் கொஞ்சம் கூடுதலாக நடிக்கப்படுகிறது. ஆனால் 'அஜெண்டா'வில் அந்த மிகை இல்லை, தாராளமாகப் பாருங்கள்.

#17 மலைச்சாரல்

கடைசியா ஒண்ணு, கொலம்போவோட முதல் பெயர் ஃபிலிப்தானே? ஒரு வினாடி வினா புத்தகத்துல போட்டிருந்துச்சு.

#18 சுருள்நாடா

அது பொறி! ஃபிரெட் வொர்த் என்பவர் தன் தகவல் களஞ்சியத்தை யாராவது திருடினால் கண்டுபிடிக்க வேண்டும் என்று தானே கட்டிவிட்ட பெயர் ஃபிலிப். டிரிவியல் பர்சூட் விளையாட்டில் அது அப்படியே வந்தது, 1984இல் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார், தள்ளுபடி ஆனது. தொடரில் எங்கும் பெயரைச் சொல்வதில்லை. ஆனால் 'டெட் வெய்ட்'டில் (1971) அடையாள அட்டையை நீட்டும்போது அண்மைக் காட்சியில் நிறுத்திப் பாருங்கள், கையெழுத்து ஃபிராங்க்.

#19 ஈயக்கரண்டி

நிறுத்திப் பார்க்கிறதோட பார்க்கிறதா வெளியில நிக்கிற அந்த 1959 பெஜோ 403 காரோட நம்பர் பலகையையும் பாருங்க. 044 ஏ.பி.டி. சென்னைக்காரங்க எஸ்.டி.டி. எண்!